வழிப்பறி இல்லாத நாட்கள்: 97

பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. கொஞ்சம் அசைந்தாலும் டொக்கென்று சத்தம் போடுகிறது, உடனே மேஜைக்குப் பின்னாலிருந்து ஜெசிந்தா நிமிர்ந்து "ரெண்டே நிமிஷம் ஐயா" என்கிறாள். வந்து முக்கால் மணி நேரம் ஆகிறது. இந்த ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாததா. பத்தொன்பது வருஷம் நானும் ஸ்டேஷன் ரைட்டர், இந்த ஸ்டேஷனில் இல்லை, வேறு ஆறு ஸ்டேஷன்களில், ஆனால் எல்லா இடத்திலும் அது ஒரே நாற்காலிதான், முதுகில் துண்டு போட்ட நாற்காலி, அதில் உட்கார்ந்துகொண்டு எத்தனை பேருக்கு ரெண்டு நிமிஷம் சொல்லியிருப்பேன். பெஞ்சின் காலை யாரும் சரி செய்ய மாட்டார்கள். நானும் செய்யவிட்டதில்லை. ஆடுகிற பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவன் தன் கோபத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டுத்தான் மேஜைக்கு வருவான். ரைட்டர் என்றால் ஜனங்களுக்கு யாரோ எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு. இன்ஸ்பெக்டரின் மீசையைத்தான் பார்ப்பார்கள், முட்டாள்கள். ஒரு ஏரியாவில் எத்தனை திருட்டு நடந்தது என்று முடிவு செய்கிறவன் திருடன் இல்லை, ரைட்டர். அவன் எஃப்ஐஆர் போட்டால் அது குற்றம். மனுவை வாங்கிக்கொண்டு ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பினால் அது வெறும் காகிதம், மேலிடத்துக்குப் போகாது, குற்றம் குறைந்தது என்று பேப்பரில் வரும், அதைப் படித்துவிட்டு இதே ஜனங்கள் பரவாயில்லையே என்று தலையாட்டுவார்கள். இந்த நகரத்தில் குற்றங்களைக் குறைத்ததில் என் பேனாவுக்கு இருக்கிற பங்கு எந்தத் துப்பாக்கிக்கும் இல்லை. இப்போது என் மனைவி அஞ்சுகத்தின் தாலிச் செயின். இன்று காலை ஆறேகால், பால் பூத் வாசல், பைக்கில் இரண்டு பேர், பின்னால் இருந்தவன் கையைப் போட்டு இழுத்தான், அவள் விடவில்லை, செயினோடு பத்தடி இழுபட்டுப் போய் விழுந்தாள், வலது தோள் மூட்டு விலகிவிட்டது. அதற்குப் புகார் கொடுக்கத்தான் வந்திருக்கிறேன்.

ஜன்னல் வழியாக வாசல் போர்டின் முதுகு தெரிகிறது. முன்பக்கம் என்ன இருக்கிறது என்று எழுந்து பார்க்கத் தேவையில்லை, வாசகம் என்னுடையது. 'செண்பகா நகர். வழிப்பறி இல்லாத நாட்கள்', அதற்குக் கீழே கொக்கியில் தொங்குகிற எண். தொழிற்சாலைகளில் விபத்தில்லாத நாட்கள் என்று வைப்பார்களே, அதை எங்கேயோ பார்த்துவிட்டு நான்தான் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். பணி ஓய்வு பெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர் தணிகாசலம், பாதுகாப்புக் குழு அமைப்பாளர். கைதட்டினார்கள். கைதட்டுவதற்கென்றே பிறந்தவர்கள். காலையில் நான் உள்ளே வரும்போது ஒரு கான்ஸ்டபிள் ஸ்டூல் போட்டு ஏறி 96-ஐக் கழற்றிவிட்டு 97-ஐ மாட்டிக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் ஸ்டூலில் நின்றபடியே சல்யூட் வேறு. ஞாயிற்றுக்கிழமை நூறு. துணை கமிஷனர் வருகிறார், ஷாமியானாவுக்குச் சொல்லியாகிவிட்டது, மூன்று பேருக்குப் பொன்னாடை, அதில் ஒன்று எனக்கு. பொன்னாடை என்பது ஜரிகை ஓட்டிய நைலான், ஒரு தடவை நனைத்தால் பல்லிளித்துவிடும். எனக்கு அது வேண்டும் என்று இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. சங்கச் செயலாளர் பாஷ்யம் காலை ஏழரைக்கே போன் செய்துவிட்டார், அஞ்சுகம் எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஒரு வாக்கியம், பிறகு "சார், க்ரூப்ல யாரும் போட்டுட வேணாம்னு சொல்லியிருக்கேன், ஞாயித்துக்கிழமை முடியட்டும்" என்று நாலு வாக்கியம். செண்பகா நகர் ஆட்களைப் போலப் பயந்தாங்கொள்ளிகளை நான் பார்த்ததில்லை, அதுவும் பயப்பட வேண்டியதற்குப் பயப்பட மாட்டார்கள். சாப்பாடு கொண்டுவருகிறவன் லிஃப்டில் ஏறக் கூடாது. கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து நடந்தால் வாட்ஸ்அப்பில் போட்டோ. குப்பை பொறுக்குகிறவள் தண்ணீர் குடிக்க நின்றால் போட்டோ. மொத்தம் பதினாறு கேமரா, அதில் பதினொன்று மழைக்காலத்திலேயே செத்துவிட்டது, சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. அது போதும், திருடன் விளக்கைத்தானே பார்க்கிறான் என்று சொன்னது யார், நான்தான். பால் பூத் கேமரா அந்தப் பதினொன்றில் ஒன்று. தொண்ணூற்றேழு நாளாக இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று நம்புகிற மடையனும் நானில்லை. நான்காவது தெரு டீச்சரின் கைப்பை, மெடிக்கல் ஷாப்காரர் அம்மாவின் வளையல், எல்லாம் தவறிவிட்டன. செண்பகா நகரில் பொருள்கள் தவறிக்கொண்டே இருக்கின்றன, யாரும் எதையும் பறிப்பதில்லை. அது தெரிந்துதான் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன்.

டொக். ஜெசிந்தா நிமிர்கிறாள். "ரெண்டே நிமிஷம் ஐயா." என் நகக்கண்ணில் மஞ்சள் இருக்கிறது, சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டது. அந்த டியூட்டி டாக்டர், மீசை முளைக்காத பயல், எப்படி ஆச்சு என்று கேட்டான், நான் வாயைத் திறந்தேன், "வழுக்கி விழுந்துட்டாங்க" என்று வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. இழுத்துத் தள்ளினார்கள் என்று சொன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், தகவல் போனால் கேஸ் ஆகும், அப்படி வருகிறவர்களை வராந்தாவிலேயே மடக்கி வழுக்கி விழுந்தேன் என்று சொல்லு என எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த வாய், இன்று தன் பாட்டுக்குத் தானே சொல்லிவிட்டது. அஞ்சுகம் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நல்லவேளை அதற்குள் கீழ்வீட்டு ஹேமாவதி மஞ்சள் கயிறும் ஒரு விரலி மஞ்சளுமாக ஓடி வந்துவிட்டாள். இன்னும் எக்ஸ்ரே எடுக்கவில்லை, கை துவண்டு தொங்குகிறது, இவளுக்குக் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதாம். "சார், மொதல்ல நீங்க கயித்தைக் கட்டுங்க, மத்ததெல்லாம் அப்புறம்." கட்டினேன். முப்பத்திமூன்று வருஷம் கழித்து இரண்டாவது தடவை, பினாயில் வாசனையில், பக்கத்துக் கட்டிலில் ஒருவன் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க. கழுத்தின் பின்பக்கம் சிவப்பாக ஒரு கோடு, இரண்டு இடத்தில் தோல் பிய்ந்து ஈரமாக இருந்தது, கயிறு பட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து படுக்கையில் சாய்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "நான் வழுக்கி விழல." தெரியும் என்றேன். "போயி எழுதிக் குடுங்க. நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்க. புடுங்கிட்டுப் போனான்னு எழுதுங்க. தொலைஞ்சு போச்சுன்னு எழுதிட்டு மட்டும் வந்துராதீங்க." அவளுக்கு என் தொழில் தெரியும். ராத்திரி சாப்பாட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே எத்தனை நாள் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், இன்னிக்கு நாலு கேஸை ஒண்ணுமில்லாம பண்ணினேன் என்று, அவளும் அப்பளத்தை வைத்துவிட்டு உம் கொட்டியிருக்கிறாள். செயினுக்காக அவள் கேட்கவில்லை. செயின் போனது போனதுதான், அது அவளுக்கும் தெரியும். நடந்தது நடந்ததாக ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது, நானும் சரி என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போட்டேன்.

"வாங்கய்யா, இங்க வந்து உக்காருங்க." மேஜைக்கு முன்னால் நாற்காலி. அப்படியென்றால் பெஞ்சு முடிந்தது, அடுத்து விசாரிப்பு. "அம்மா எப்படி இருக்காங்க?" "கட்டுப் போட்டிருக்கு." "பாவம். டீ சொல்றேன் ஐயா, சாப்பிடுங்க." டீ மூன்றாவது. வரிசை மாறாமல் செய்கிறாள், கெட்டிக்காரி. நல்ல முகம், நெற்றியில் விபூதியோ பொட்டோ எதுவும் இல்லாத சாந்தமான முகம், இந்த வேலைக்கு இப்படிப்பட்ட முகம்தான் வேண்டும், முறைக்கிற முகத்திடம் ஜனங்கள் சண்டை போடுவார்கள், இப்படிப்பட்ட முகத்திடம் அவர்களே விட்டுக்கொடுப்பார்கள். "நீங்க கூட இருந்தீங்களா ஐயா?" "இல்ல, வீட்ல பேப்பர் படிச்சிட்டிருந்தேன்." "வண்டி நம்பர்?" "பாக்கல. கறுப்பு பைக்குன்னு சொன்னா." "ஆளு முகம்?" "ஹெல்மெட் போட்டிருந்தாங்களாம்." "போட்டிருந்தாங்களாம்" என்று அவளும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறாள். நான் செய்கிற அதே காரியம். எதிராளியின் வார்த்தையை எடுத்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுப்பது, கொடுக்கும்போது அது கொஞ்சம் இளைத்திருக்கும். "செயின் கொக்கி எப்படி ஐயா, லூஸா கீஸா இருந்துச்சா?" லூஸாகத்தான் இருந்தது. ஆடி மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள், கொக்கி நிக்க மாட்டேங்குது, பத்தர்கிட்ட குடுத்து வாங்கிட்டு வாங்கன்னு, நான் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளினேன். லூஸான கொக்கி என்றால் இழுத்ததும் கையோடு வந்திருக்குமே, பத்தடி ஏன் இழுபடவேண்டும். இழுபட்டாளா, இல்லை பைக் சத்தத்தில் மிரண்டு தடுக்கினாளா. பால் பாக்கெட் கிழிந்து தரையெல்லாம் பால், பாலில் வழுக்கியிருக்கலாம். சீ. கழுத்தில் கோடு இருந்தது, என் விரல் பட்டது, இந்த விரல்தான், இதோ மஞ்சள். இருந்தாலும் நான் பார்க்கவில்லை. பார்க்காதவன்தானே. என் மண்டைக்குள் அந்த ரைட்டர் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை, என் பெண்டாட்டியையே பெஞ்சில் உட்காரவைத்து ரெண்டு நிமிஷம் சொல்கிறான்.

மல்லிகேஸ்வரி. ரேஷன் கடையில் பில் போடுகிறவள். ஏன் இவள் இப்போது. பன்னிரண்டு வருஷம் இருக்கும், மேம்பாலத்துக்குக் கீழே கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்று வந்தாள், பையில் கொலுசும் புருஷனின் கண்ணாடியும். காலை பத்து மணிக்கு வந்தவளை மாலை நாலு வரைக்கும் வைத்திருந்தேன். நான் யாரையும் மிரட்டியதில்லை, கை நீட்டியதில்லை, அது மட்டமான போலீஸ் செய்கிற வேலை. கேள்விதான் கேட்பேன். பை எந்தத் தோளில். இடதா, முதலில் வலது என்றீர்களே. பஸ்ஸில் இறங்கும்போது பை இருந்ததா, தொட்டுப் பார்த்தீர்களா. பிடுங்கினவன் என்ன சட்டை. முதலில் நீலம், பிறகு சாம்பல், பிறகு தெரியவில்லை. மூன்றரை மணிக்கு அவளே கேட்டாள், "பஸ்லயே தவறியிருக்குமோ சார்?" நான் வெள்ளைத் தாளை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினேன். எழுதிக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் ஜீப்பில் போகும்போது அவளைப் பார்த்தேன், பஸ் ஸ்டாப்பிலிருந்து பாலம் வரைக்கும் ரோட்டோரச் சாக்கடையைக் குச்சியால் கிளறிக்கொண்டே வந்தாள், குனிந்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள், தானே தொலைத்ததாக நம்பித் தேடிக்கொண்டிருந்தாள். டிரைவரிடம் காட்டிச் சிரித்தேன். பைத்தியம் என்றேன். டிரைவர் சிரிக்கவில்லை என்று இப்போது ஞாபகம் வருகிறது, அப்போது அவனைத்தான் மந்தமானவன் என்று நினைத்தேன்.

டீ வந்துவிட்டது. ஜெசிந்தா மேஜைக் கண்ணாடியைத் தூக்கி அடியிலிருந்து ஒரு தாளை உருவி, ஒரு வெள்ளைத் தாளோடு சேர்த்து என் முன்னால் வைக்கிறாள். "மாதிரி மனு ஐயா. இதப் பாத்து எழுதிடுங்க, பேரும் எடமும் பொருளும் மட்டும் மாத்திக்கங்க." எழுத்து என்னுடையது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து அதையும் ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் தடித்துப் போயிருக்கிறது, ஆனாலும் என்னுடையதுதான், நாலாவது வரியில் நான் அன்றைக்குப் போட்ட அடித்தல் கூட இருக்கிறது, 'காணவில்லை' என்று எழுதிவிட்டு, காணவில்லை என்றால் யாராவது எடுத்திருக்கலாம் என்று ஆகுமே என அதை அடித்து மேலே 'எங்கேயோ தவறிவிட்டது' என்று திருத்தினேன். ஒரு மத்தியான வேளையில், வருகிறவனுக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு, ஒரு தரம் எழுதி வைத்துவிடலாம் என்று எழுதியது. 'இதில் யார் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை. மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை.' "யாரு எழுதினதுன்னு தெரியல ஐயா, எங்க போனாலும் எல்லா ஸ்டேஷன்லயும் இதான் வெச்சிருக்காங்க. முத்து முத்தா இருக்கு பாருங்க. அந்த அடித்தலையும் சேத்து எழுதிக் குடுக்கறவங்க கூட இருக்காங்க" என்று சிரிக்கிறாள். எனக்கு முதலில் என்ன தோன்றியது என்றால் பெருமை. வெட்கம் கெட்டவன். பெண்டாட்டி தோள் விலகிக் கிடக்கிறாள், எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஒருத்தி சொன்னதும் உள்ளுக்குள் ஒன்று நிமிர்ந்து உட்கார்கிறது. "ஜெசிந்தாம்மா, இது பறிப்பு. தெரியுமில்ல உனக்கு." "தெரியும் ஐயா." தலையைக் குனிந்துகொண்டே சொல்கிறாள். "ஞாயித்துக்கிழமை தாண்டட்டும். திங்கக்கிழமை வாங்க, நானே மாத்திப் போட்டுத் தரேன். உள்ள இன்ஸ்பெக்டர் ஐயா உங்களத்தான் கேட்டுட்டிருந்தாரு, மேடையில நீங்க ரெண்டு வார்த்தை பேசணுமாம்." திங்கட்கிழமை. நானும் நிறையப் பேருக்குத் திங்கட்கிழமை கொடுத்திருக்கிறேன், யாருக்கும் அது வந்து சேர்ந்ததில்லை.

எழுந்து போயிருக்கலாம். போர்டைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து மேஜை மேல் போட்டு எஃப்ஐஆர் போடாமல் நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கலாம், நான் சட்டம் தெரிந்தவன், என்னை எவனும் ஒன்றும் செய்ய முடியாது. மாறாக பேனா மூடியைக் கழற்றினேன். 'பெறுநர், காவல் ஆய்வாளர் அவர்கள்'. இது வரைக்கும் எப்படியும் எழுதத்தான் வேண்டும், பொய்யும் உண்மையும் பெறுநரில்தானே தொடங்குகின்றன. பெயர், முகவரி, அதுவும் பொது. மூன்றாவது வரியில் 'பறித்து' என்று எழுதலாம் என்று இருந்தேன், சத்தியமாக இருந்தேன், கை மாதிரியைப் பார்த்தபடி தன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, அழகாகப் போனது, ரிட்டையர் ஆகி ஆறு வருஷத்தில் இவ்வளவு நன்றாக நான் எழுதவே இல்லை, நிறுத்த மனம் வரவில்லை, நிறுத்தியபோது கடைசி வரியில் இருந்தேன். மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை. நாலாவது வரியில் 'காணவில்லை' என்று எழுதி ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறேன். அடித்தலையும் காப்பி அடித்திருக்கிறேன். "அம்மாவுக்கு வலது கைதானே ஐயா, நீங்களே அவங்களுக்காகன்னு போட்டுக் கையெழுத்து வெச்சிடுங்க." போட்டேன். அஞ்சுகத்துக்காக, தணிகாசலம்.

போன் அடிக்கிறது. அவள்தான், இடது கையால் அழுத்தியிருப்பாள். "எழுதிட்டீங்களா?" "ம், எழுதிட்டேன்." "படிங்க." "வீட்டுக்கு வந்து…" "இப்பப் படிங்க. கேக்கணும்." தாளைக் கையில் எடுத்துக்கொள்கிறேன், எதற்கு எடுக்கிறேன் என்றே தெரியாமல். "'ஐயா, நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். இன்று காலை சுமார் ஆறு பதினைந்து மணிக்குப் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கறுப்பு நிற இரு சக்கர வாகனத்தில் வந்த அடையாளம் தெரியாத இரண்டு நபர்களில், பின்னால் உட்கார்ந்திருந்த நபர் என் கழுத்தில் அணிந்திருந்த தாலிச் செயினைப் பிடித்து இழுத்தார்…'" "இழுத்தாரா? அவனுக்கு என்ன மரியாதை?" "அது அப்படித்தான் எழுதுவாங்க." "சரி, படிங்க." "'நான் விடாமல் பிடித்துக்கொண்டதால் என்னைத் தரையோடு பத்து அடி தூரம் இழுத்துச் சென்று, செயினை அறுத்துக்கொண்டு தப்பிச் சென்றுவிட்டார். இதில் என் கழுத்தில் ரத்தக் காயமும் வலது தோளில் பலத்த காயமும் ஏற்பட்டன. நானாக வழுக்கி விழவில்லை.'" தடங்கலே இல்லாமல் வருகிறது. ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். பத்தொன்பது வருஷத்தில் நான் எழுதியதிலேயே சுத்தமான புகார் இதுதான், எழுதவே இல்லை. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிறாள். "ஆமா. அப்படித்தான் நடந்துச்சு" என்கிறாள். "இப்பதாங்க வலி கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கு. வரும்போது பால் வாங்கிட்டு வாங்க, காலைல எல்லாம் கொட்டிப் போச்சு."

ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முகத்தைத் தூக்காமல் மனுவை என் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டு, முத்திரையை இரண்டு தடவை குத்தி, ரசீதைக் கிழித்து நீட்டுகிறாள். "டீ ஆறிடுச்சு ஐயா, வேற சொல்லட்டுமா?" வேண்டாம் என்றேன். ரசீதில் பொருள் என்ற இடத்தில் தாலிச் செயின், விவரம் என்ற இடத்தில் தவறியது, அதன் மேல் நன்றாக விழுந்த ஊதா முத்திரை. வாசலுக்கு வந்தால் 97 வெயிலில் பளபளக்கிறது, கான்ஸ்டபிள் மறுபடியும் சல்யூட் அடிக்கிறான். பால் பூத்தில் கூட்டமில்லை, தரையைக் கழுவிவிட்டிருக்கிறார்கள், மேலே கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறது. இரண்டு பாக்கெட் வாங்கினேன். அஞ்சுகம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை, நன்றாகவே படிக்கத் தெரியும், உள்ளே நுழைந்ததும் இடது கையை நீட்டி முதலில் ரசீதைத்தான் கேட்பாள். சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நாலாக மடித்து, எட்டாக மடித்து, பூத் பக்கத்துச் சாக்கடைக் கல் இடுக்கில் போட்டேன். கேட்டால் சொல்ல வேண்டியது வாயில் தயாராக இருக்கிறது. வரும் வழியில் எங்கேயோ தவறிவிட்டது.